வாடி, திண்ணை, பாதி வள்ளம்: சின்ன நாடகக் குழுவுக்கு எந்த மேடை வடிவமைப்பு மென்பொருள்?

#1 உப்புவெளிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் இருக்கும் சின்ன நாடகக் குழு எங்களுடையது. பன்னிரண்டு பேர். ஒரு ரீச்சர், வங்கியில் வேலை செய்யும் இரண்டு பேர், ஓட்டோ ஓட்டும் ஒரு அண்ணன், மிச்சப் பேர் படிக்கிறவர்கள். வருடத்துக்கு ஒரு நாடகம் போடுகிறோம். இதுவரைக்கும் காட்சியமைப்பு என்றால் எங்கள் நெறியாளர் சீஆர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கீறிக் காட்டுவார். மரவேலை செய்யும் ஓடாவி அதைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். கடைசியில் மேடைக்கு வருவது இரண்டு பேரும் நினைக்காத ஒன்றாக இருக்கும்.

இந்த வருடம் கதை கடற்கரையில் நடக்கிறது. மேடையில் மீனவர் தங்கும் ஒரு வாடி, ஒரு திண்ணை, கரையில் ஏற்றி வைத்த பாதி வள்ளம். கணினியில் ஒழுங்காகக் கீறிப் பார்த்துவிட்டுத்தான் பலகை வாங்குவது என்று முடிவெடுத்திருக்கிறோம். யூடியூப்பில் தேடினால் ஸ்கெட்ச்அப், பிளெண்டர், வெக்டர்வர்க்ஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்களிடம் இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள ஒரு பழைய லெப்டொப். மென்பொருளுக்கு ஒதுக்கிய காசு பூச்சியம். இடம் ஒரு பாடசாலை மண்டபம். மேடை 24 அடி அகலம், 16 அடி ஆழம் என்று சொன்னார்கள். எதைப் படிக்கத் தொடங்கலாம்?

#2 பக்கத்திரை

பிளெண்டர்தான், வேறு பேச்சே இல்லை. முழுக்க இலவசம், திறந்த மூல மென்பொருள். சாயங்கால வெளிச்சம், கடல் நிறப் பின்திரை, வாடியின் கிடுகு எல்லாம் நிஜம் மாதிரி வரும். நான் கம்பஸ் நாடகத்துக்கு ஒரு தேர் செய்தேன், பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனால் 4 ஜிபியில் ஓடாது அண்ணா. இப்போதைய பதிப்புகளுக்கு 8 ஜிபியாவது வேண்டும்.

#3 ஓடாவி_மகன்

கிண்ணியாவிலிருந்து எழுதுகிறேன். வாப்பா ஓடாவி. இரண்டு மூன்று நாடகத்துக்கு மேடைச் சாமான் செய்து கொடுத்திருக்கிறார். நீங்கள் எந்த மென்பொருளையும் எடுங்கள், வாப்பாவின் கைக்கு வருவது ஒரு கடதாசி. அதில் அவருக்கு வேண்டியது என்ன என்று சொல்கிறேன்.

ஒன்று, அடி அங்குலம். மீற்றரில் கொடுத்தால் அவர் மனதுக்குள் மாற்றுவார், மாற்றும்போது எங்காவது முக்கால் அங்குலம் போகும். இரண்டு, ஒரு சாமானுக்கு ஒரு தாள். வாடியையும் வள்ளத்தையும் ஒரே தாளில் போட்டால் எந்தக் கோடு எதனுடையது என்று தெரியாது. மூன்று, அளவு வெளிப்பக்கமா உட்பக்கமா என்று எழுத வேண்டும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. கடையில் 2 அங்குலத்துக்கு 1 அங்குல ரீப்பை (ஒடுங்கிய மரச் சட்டம்) என்று வாங்குவீர்கள். சீவி எடுத்தால் அது ஒன்றேமுக்காலுக்கு முக்கால்தான். கணினியில் 2 அங்குலம் என்று போட்டு ஆறு ரீப்பையைப் பக்கம் பக்கமாக அடுக்கிக் கீறினால், கையில் அடுக்கும்போது ஒன்றரை அங்குலம் குறையும். போன தடவை அப்படித்தான் ஒரு கதவு நிலைக்குள் நிற்காமல் ஆடியது. பிளைவூட்டில் வேறு கூத்து. தாளின் அளவு 8 அடிக்கு 4 அடி, தடிப்பு மட்டும் மில்லிமீற்றரில் சொல்வார்கள். 12 மில்லிமீற்றரை அரை அங்குலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் வேலைக்கு அது போதும்.

கணினிப் படத்தில் நிழல் விழுவது அழகுதான். வாப்பா அதைப் பார்த்து "வடிவா இரிக்கி" என்றார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், அளவு எழுதியிருக்கிறதா என்று.

#4 வட்டக்களரி

நாடகமும் அரங்கியலும் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு கேள்வி. இதெல்லாம் தேவையா? எங்கள் கூத்து வட்டக்களரியில் ஆடப்பட்டது. சுற்றிவர ஆட்கள், நடுவில் உயர்த்திய மண், பின்திரை கிடையாது, சீன் கிடையாது. ஆட்டமும் பாட்டும் உடுப்பும்தான் காட்சி. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் அதை முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏற்றியபோதும் மேடையைச் சாமானால் நிரப்பவில்லை. ஆட்டத்துக்கு இடம் விட்டார்கள். 24 அடி மேடையில் வாடி, திண்ணை, வள்ளம் மூன்றையும் வைத்துவிட்டு உங்கள் நடிகர்கள் எங்கே நிற்பார்கள்? மென்பொருள் இதைச் சொல்லுமா?

#5 உப்புவெளிக்காரன்

சேர், அது நல்ல கேள்வி. நெறியாளருக்கும் அந்தப் பயம் இருக்கிறது. அதனால்தான் கீறிப் பார்க்க வேண்டும் என்கிறோம். ஓடாவி மகன் நானா, ரீப்பை விஷயத்துக்குப் பெரிய நன்றி. பக்கத்திரை தங்கச்சி, 8 ஜிபிக்கு வழியில்லை.

#6 படவரைஞர்

தொழிலுக்குப் படம் கீறுகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெக்டர்வர்க்ஸை விட்டுவிடுங்கள். அதில் ஸ்பொட்லைட் என்ற பதிப்பு மேடைக்காரருக்கென்றே செய்தது. பெரிய அரங்குகளில் அதைத்தான் பாவிக்கிறார்கள். ஆனால் அதன் விலைக்கு உங்கள் நாடகத்தையே இரண்டு முறை போடலாம். குழுவில் படிக்கிற பிள்ளைகள் மாணவர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை படித்து முடித்துப் போனதும் கோப்பும் கூடப் போய்விடும்.

ஸ்கெட்ச்அப் பற்றிப் பழைய வீடியோக்களை நம்பாதீர்கள். கணினியில் இறக்கிப் பாவித்த இலவசப் பதிப்பு 2017ஓடு நின்றுவிட்டது. இப்போது இலவசமாகக் கிடைப்பது உலாவியில் ஓடுவது மட்டும். இணையம் அறுந்தால் வேலையும் நிற்கும், வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் கோப்பு வகைகளும் குறைவு. இழுத்து உயர்த்தினால் சுவர், அழுத்தினால் பள்ளம் என்று அரை மணி நேரத்தில் பழகலாம், அது உண்மை. ஆனால் அதன் நூலகத்தில் யாரோ செய்து போட்ட வள்ளம் ஒன்றை எடுத்து வைத்துப் பாருங்கள். ஆணி ஆணியாகக் கீறியிருப்பார்கள். பழைய லெப்டொப் அங்கேயே படுத்துவிடும்.

உங்கள் இயந்திரத்துக்கு நான் சொல்வது ஸ்வீட் ஹோம் 3டி. பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். வீட்டுக்குள் கதிரை மேசை அடுக்கிப் பார்க்கச் செய்த மென்பொருள்தான். ஆனால் மேடையும் மூன்று சுவர் உள்ள அறைதானே? இலவசம், இறக்கி வைத்தால் இணையம் வேண்டாம், அலகை அடி அங்குலத்துக்கு மாற்றலாம். மேல் பாதியில் தளப்படம் கீறக் கீற, கீழ்ப் பாதியில் முப்பரிமாணம் தானாக எழும்பும். அளவுக்கோடு போடலாம். தாளில் அளவுத்திட்டத்தோடு அச்சிடலாம். அரை அங்குலம் ஓரடிக்கு, அதாவது 1:24 என்று வைத்தால் 24 அடி மேடை 12 அங்குலம். ஏ3 தாளில் தாராளமாக அடங்கும்.

எனக்கு அதில் பிடித்தது ஒன்று. உள்ளே ஒரு மனிதரை நடக்கவிட்டு அவர் கண்ணால் பார்க்கலாம், கண்ணின் உயரத்தையும் நீங்களே கொடுக்கலாம். கதிரையில் இருக்கும் ஆளின் கண் தரையிலிருந்து சுமார் 3 அடி 11 அங்குலத்தில் இருக்கும். முன்வரிசையின் இடது மூலையில் ஒரு தடவை, வலது மூலையில் ஒரு தடவை, கடைசி வரிசை நடுவில் ஒரு தடவை அந்த மனிதரை நிறுத்துங்கள். எங்கள் ஊரில் முன்வரிசையில் பிரதம விருந்தினருக்குச் சோபா போடுவார்கள். அது இன்னும் தாழ்வு, அதையும் கணக்கில் எடுங்கள். வட்டக்களரி சேர் கேட்டதற்கும் இதில் பதில் கிடைக்கும். ஆள் அளவில் ஏழெட்டுப் பெட்டிகளை மேடையில் நிறுத்தினால் இடம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஓடாவிக்கான தாளுக்கு லிப்ரேகேட். இரு பரிமாணம் மட்டும், இலவசம், உங்கள் லெப்டொப்பில் சும்மா பறக்கும். சுவர் ஒரு அடுக்கில், தட்டிகள் ஒரு அடுக்கில், லைட் ஒரு அடுக்கில் என்று பிரித்துக் கீறினால், ஓடாவிக்கு அச்சிடும்போது லைட் அடுக்கை அணைத்துவிடலாம். யாராவது ஓட்டோகேட்டில் மண்டபப் படம் தந்தால் டிஎக்ஸ்எஃப் கோப்பாகச் சேமித்துத் தரச் சொல்லுங்கள். ஓட்டோகேட்டின் சொந்தக் கோப்பு வகையான டிடபிள்யூஜி சரியாகத் திறக்காது.

கடைசியாக, "24 அடி என்று சொன்னார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னார்கள்? போய் அளந்து பாருங்கள்.

#7 லைட்_பெட்டி

சீன் கீறும் மென்பொருளில் வெளிச்சத்தையும் பார்க்கலாம் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். அதில் விழுவது வெயில் மாதிரி ஒரு வெளிச்சம்.

லைட்டுக்கு கியூஎல்சி பிளஸ் எடுங்கள். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். லைட் கையில் இல்லாமலே காட்சிக்குக் காட்சி அடுக்கி ஒத்திகை பார்க்கலாம். நாடகத்தன்று யூஎஸ்பியிலிருந்து டிஎம்எக்ஸ் (லைட்டுகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை) எடுக்கும் ஒரு சின்னக் கருவியைக் கொழுவினால் அதே லெப்டொப்தான் லைட் மேசை. ஒரு டிஎம்எக்ஸ் தொடரில் 512 சனல் இருக்கிறது. உங்களுக்கு 60 கூடத் தேவைப்படாது.

கீறத் தொடங்க முன் கரண்ட் கணக்கைப் பாருங்கள். 1000 வாட் பழைய பார் (PAR) லைட் எட்டுப் போட்டால் 8000 வாட். 230 வோல்ட்டால் பிரித்தால் கிட்டத்தட்ட 35 அம்பியர். மண்டபத்துக்கு 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு என்றால் முதல் காட்சியிலேயே இருட்டு. எல்ஈடி பார் ஒன்று 200 வாட் என்று வைத்தாலும் எட்டுக்கும் 7 அம்பியர்தான். ஆனால் மலிவான சிவப்பு பச்சை நீல எல்ஈடியில் மஞ்சளும் மண்நிறமும் செத்துப்போகும். உங்கள் வாடியோ முழுக்கக் கிடுகு நிறம். கணினியில் தெரியும் நிறத்தை நம்பாமல், பெயின்ற் பூசிய ஒரு துண்டுப் பலகையை அந்த லைட்டுக்குக் கீழே பிடித்துப் பாருங்கள்.

#8 கச்சான்காற்று

மண்டபத்தோடு நிறுத்தப்போகிறீர்களா, இல்லை கடற்கரையிலும் போடுவீர்களா? டச் பே பக்கம் திறந்தவெளியில் ஒருமுறை மேடை போட்டோம். கச்சான் காற்று எழும்பும் நேரம். கணினியில் எல்லாத் தட்டியும் மலை மாதிரி நின்றது. நிஜத்தில் இரண்டாம் காட்சியில் ராசாவின் அரண்மனை ராசா மேலேயே சாய்ந்தது. பார்வையாளர் அதையும் கதை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். 8க்கு 4 தட்டி 32 சதுர அடி, மூன்று சதுர மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. மணிக்கு 36 கிலோமீற்றர் காற்று அதை நேராக அடித்தால், 20 கிலோ பாரம் பக்கவாட்டில் தள்ளுவதற்குச் சமம். காற்று இரட்டித்தால் தள்ளு நாலு மடங்கு. இந்த மென்பொருள்கள் ஒன்றிலும் காற்று இல்லை. மண்மூட்டையும் முண்டுக்கட்டையும் உங்கள் படத்தில் முதல் நாளே இருக்க வேண்டும். அவை இடம் பிடிக்கும், பக்கத்தில் நடக்கிறவனின் கால் தடுக்கும்.

#9 உப்புவெளிக்காரன்

நாலு நாளைக்குப் பிறகு வருகிறேன். நிறையச் செய்திருக்கிறோம்.

படவரைஞர் அண்ணா சொன்ன மாதிரி போய் அளந்தோம். 24 அடி பொய். சுவருக்குச் சுவர் 24 அடிதான், ஆனால் இரண்டு பக்கமும் தூண் முன்னுக்கு வந்திருக்கிறது. பார்வையாளருக்குத் திறந்திருப்பது 20 அடி 8 அங்குலம். ஆழம் 16 அடி, ஆனால் பின்னால் இரண்டரை அடிக்கு உடைந்த கதிரைகளும் ஒரு பியானோவும் அடுக்கியிருக்கிறார்கள். பியானோவை அசைக்கக் கூடாதாம். ஆக 13 அடி 6 அங்குலம்.

ஸ்வீட் ஹோமில் போட்டேன். ஒரு பின்னேரத்தில் பழகிவிட்டது. மேடையை 3 அடி 6 அங்குல உயரப் பெட்டியாக வைத்து, முன்வரிசையில் ஆளை இருத்தி 3 அடி 11 அங்குலத்திலிருந்து பார்த்தால், மேடைத் தரைக்கு மேலே 5 அங்குலம்தான் கண். எங்கள் நாடகத்தில் முக்கியமான இடம், கிழிந்த வலையைத் தரையில் விரித்துப் பொத்தும் காட்சி. முன்வரிசைக்கு அது ஒரு கோடு மாதிரித்தான் தெரிகிறது. ரீச்சரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, வலையைத் திண்ணையில் இருந்து வள்ளத்து விளிம்புக்குத் தொங்கப் போடலாம் என்றார். அது இன்னும் நல்லாக இருக்கிறது.

திண்ணையை ஒன்றரை அடி ஒடுக்கினோம். வட்டக்களரி சேர், உங்கள் பேச்சைக் கேட்டு வாடியையும் நான்கு கம்பும் ஒரு கூரையும் ஆக்கிவிட்டோம், சுவர் இல்லை.

#10 வட்டக்களரி

மகிழ்ச்சி. கூரையும் வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். சரி, விடுங்கள்.

ஒன்று மட்டும். மென்பொருளில் ஏழு பெட்டிகள் நிற்கலாம். நிற்பது வேறு, அசைவது வேறு. தரையில் வெள்ளைக் கட்டியால் அதே அளவைக் கீறி, பிள்ளைகளை நடக்கவிட்டுப் பாருங்கள். ஒத்திகை நடக்கும் முற்றத்திலேயே செய்யலாம். ரெஜிபோமிலும் பிரிஸ்டல் போர்ட்டிலும் அரை அங்குலம் ஓரடிக்கு ஒரு மாதிரி செய்து நெறியாளரின் மேசையில் வையுங்கள். அதை எல்லோரும் தொட்டு நகர்த்துவார்கள். லெப்டொப்பை ஒருவர்தான் தொடுவார். அந்த ரெஜிபோமை நிஜ மேடைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள், சூடான லைட்டுக்குப் பக்கத்தில் அது நெருப்புக்கு அழைப்பு.

#11 பக்கத்திரை

முதல் நாள் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அந்தத் தேர். பிளெண்டரில் மூன்று வாரம் இருந்து செய்தது. அகலம் 3 அடி 6 அங்குலம். அப்படியே பலகையில் செய்தார்கள், சக்கரம் சுற்றும், கொடி ஆடும். நாடகத்தன்று காலையில் மண்டபத்துக்குக் கொண்டுபோனால், பின்வாசல் 33 அங்குலம். முன்வாசலால் கொண்டுவந்தால் நடுவில் கதிரை எல்லாம் அடுக்கி முடிந்துவிட்டது. கடைசியில் வாசலிலேயே வைத்து வாளால் அறுத்தோம். நான் ஒரு மூலையில் இருந்து அழுதேன். தேர் ஒரு பக்கம் சில்லு இல்லாமல் மேடைக்கு வந்தது, அர்ச்சுனன் அந்தப் பக்கம் போகாமல் நடித்தான்.

அண்ணா, வள்ளத்துக்குப் பின்வாசலை அளந்தீர்களா?

#12 உப்புவெளிக்காரன்

இல்லை தங்கச்சி. மேடையை மட்டும்தான் அளந்தோம். சாவி காவல்கார ஐயாவிடம். நாளைக்குப் போகிறேன்.

#13 உப்புவெளிக்காரன்

அளந்தாயிற்று. கதவு 2 அடி 9 அங்குலம். வள்ளம் 9 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி உயரம். நேராகப் போகாது, பக்கவாட்டில் சரித்தால் 2 அடிதான், போகும் என்று சந்தோசப்பட்டேன். ஆனால் கதவுக்கு முன்னால் 4 அடி அகல நடைவழி ஒன்று இருக்கிறது, அதில் வந்துதான் திரும்ப வேண்டும். ஸ்வீட் ஹோமில் நடையையும் கதவையும் கீறி, 9க்கு 2 பெட்டி ஒன்றை வைத்துச் சுழற்றிச் சுழற்றித் தள்ளிப் பார்த்தேன். மூக்கு உள்ளே போனால் வால் நடைச் சுவரில் இடிக்கிறது. பத்துத் தடவை பார்த்தேன். போகாது.

#14 படவரைஞர்

ஏ4 தாளில் நடையைக் கீறி, மட்டையில் வள்ளத்தை வெட்டி நகர்த்தினாலும் இதே விடைதான் வந்திருக்கும். ஆனாலும் பலகை வாங்க முன் பார்த்தீர்களே, அது நல்லது.

#15 ஓடாவி_மகன்

வாப்பாவிடம் கேட்டேன். "இரண்டாச் செய்யச் சொல்லு" என்றார். நாலரை நாலரை அடியாக, நடுவில் இரண்டு பக்கமும் முழுச் சட்டம் அடித்து, நான்கு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். துளைகளை இரண்டு சட்டத்தையும் சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் போட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் நாடகத்தன்று பொருந்தாது. பொருத்து பார்வையாளர் பக்கம் தெரியாமல் இருக்க, வெளியில் ஒரு பட்டைப் பலகையைக் குறுக்கே அடித்து நிறம் பூசுங்கள். நிஜ வள்ளத்திலும் ஒட்டுப் போட்ட பலகை இருக்கும்தானே.

லிப்ரேகேட்டில் இரண்டு பாதிக்கும் இரண்டு தாள் கீறி அனுப்புங்கள். அளவு வெளிப்பக்கம் என்று எழுதுங்கள். இரண்டு பாதியும் போல்ட் இல்லாமல் தானாக நிற்கிறதா என்றும் பாருங்கள், வண்டியிலிருந்து இறக்கும்போது அது பெரிய உதவி.

#16 உப்புவெளிக்காரன்

நானா, தாள் இரண்டும் இன்றிரவு வருகிறது. ரீப்பை ஒன்றேமுக்காலுக்கு முக்கால் என்றே போட்டிருக்கிறேன்.